ஆழமாக்கினால் உவராகும் கிணறு

பெரியப்பாவின் தோட்டக் கிணறு யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் மேற்கோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல்நீரேரிக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லை. ஒரு கோடையில் கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போய், இறைக்கிற மெசின் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. "இன்னும் ஆறடி வெட்டினால் ஊத்து வெடிக்கும்" என்றார் கிணறு வெட்டுகிறவர். வெட்டினார்கள், கல்லை உடைத்து. அவர் சொன்னது பொய்யில்லை, ஊற்று வந்தது. அதுவரை காணாத அளவு தண்ணீர். அந்த வருடம் எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த போகத்தில் வெங்காயத் தாள்களின் நுனி எரிந்தது. பெரியப்பா ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். "தண்ணி சவர்ச்சுப் போச்சுதடா தம்பி. ஆழமாக்கினால் நல்ல தண்ணி தானே வரவேணும்?"

உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் அவர் நினைத்ததுதான் சரி. கிணறு வற்றினால் ஆழமாக்குவார்கள், நீர் வரும். யாழ்ப்பாணத்தில் ஏன் ஆழம் போகப் போக உப்பு? அதற்கு முந்திய கேள்வி ஒன்றும் உண்டு: சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த, ஓர் ஆறுகூட வருடம் முழுவதும் ஓடாத இந்த நிலத்தில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது?

கேத்தலின் அடியில் இருக்கும் விடை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். எந்த ஊரில் நின்று சைக்கிளை மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் உப்புத் தண்ணீரைக் கண்டுவிடலாம். ஆறு என்று பெயர் சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, அராலியில் முடியும் அது மாரியில் மட்டும் ஓடுகிறது. கோடையில் அதற்குள்ளே மாடு மேயும்.

கிணற்று ஊற்று வன்னியிலிருந்து நிலத்துக்கடியால் வருகிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கங்கையிலிருந்து வருகிறது என்பவர்களும் உண்டு. உண்மை அவ்வளவு தூரத்தில் இல்லை. கிணற்றில் இருப்பது அத்தனையும் நம் தலைக்கு மேல் பெய்த மழை. குடாநாட்டில் ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது இதில் பாதிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் லண்டனில் மழை வருடம் முழுக்கத் தூறும். இங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்தில் பெரும்பகுதி கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மற்ற ஒன்பது மாதத்துக்கும் அதை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும்.

வைத்திருப்பது சுண்ணக்கல். ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய பாறை அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை ஏந்திக்கொண்டு மிக மெல்லிய அமிலமாக இறங்கும். இறங்கும் வழியில் சுண்ணக்கல்லைக் கரைத்து, வெடிப்பைப் பிளவாக்கும், பிளவைக் குகையாக்கும். கரைந்த கல்லைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. தேத்தண்ணிக்குச் சுடவைக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறதே, அதுதான். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அதனால்தான்.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து, கூரை இடிந்து விழுந்த ஒரு பள்ளம். இராமர் அம்பு விட்டுத் தோண்டினார் என்பது கதை. அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது இன்னொரு கதை. பழத்தைப் பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் நிலத்துக்கடியில் நீர் வழிகள் தொடர்ந்து கிடக்கின்றன என்று அந்தக் கதை கட்டியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இந்தக் கல்லில் ஒரு கிணற்றில் நடப்பது அடுத்த கிணற்றுக்குத் தெரியாமல் போகாது.

நிலாவரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேல் நீர் இனிக்கும், ஆழத்து நீர் உப்பு. பெரியப்பாவின் கேள்விக்கு விடை அந்த ஒரே கிணற்றுக்குள் செங்குத்தாக நிற்கிறது.

இருபத்தைந்து கிராம்

ஒரு லீட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லீட்டர் கடல் நீர் ஏறக்குறைய 1,025 கிராம். உப்பு கரைந்திருப்பதால் அந்த 25 கிராம் கூடுதல். குடாநாட்டின் வாழ்வு இந்தச் சின்ன வித்தியாசத்தில் தொங்குகிறது.

சுண்ணக்கல் ஓட்டைகள் நிறைந்தது என்பதால் நாலு பக்கமும் கடல்நீர் நிலத்துக்கடியில் நுழைந்திருக்கிறது. மேலே இருந்து மழைநீர் இறங்குகிறது. எடை குறைந்த மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும்போது கொஞ்சம் வெளியே தெரியும், பெரும்பகுதி அமிழ்ந்திருக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். எவ்வளவு அமிழ்ந்திருக்கும் என்பதை அந்த 25 கிராம் தீர்மானிக்கிறது. ஆயிரத்துக்குள் இருபத்தைந்து 40 தடவை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி நல்ல தண்ணீர் அமிழ்ந்திருக்கும்.

நிலத்தின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும் இந்த நீர்த் திரளின் வடிவம் தோல் நீக்காத மைசூர்ப் பருப்பைப் போன்றது. நாம் இதை நன்னீர் வில்லை என்று அழைப்போம். குடாநாட்டில் இது ஒற்றை வில்லையும் அல்ல. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி என்று நான்கு பெரிய பிரிவாகக் கிடக்கிறது. வலிகாமத்தின் நடுப்பகுதியில் தடிப்பு அதிகம், தீவுகளில் மிக மெலிவு. புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் ஒரு குடம் குடிநீருக்குப் பெண்கள் நடக்கும் தூரம் அந்த மெலிவின் அளவு.

இந்த 40 மடங்குக் கணக்கை முதலில் எழுதியவர்களில் ஒருவர் படோன் கெய்பன் என்ற டச்சு இராணுவப் பொறியியலாளர், 1880களின் இறுதியில். 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் வட கடல் தீவொன்றின் கிணறுகளைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தார். டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தை 1658இலிருந்து 1795 வரை ஆண்டார்கள். நூற்று முப்பத்தேழு வருடம் இந்த வில்லையின் மேல் குடியிருந்து, இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய், பின்னர் தங்கள் ஊர் மணல்மேட்டில் அதன் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள்!

பெரியப்பாவின் கிணறு, அடி அடியாக

இனிக் கணக்கைக் கிணற்றுக்குள் இறக்குவோம். எண்களை எளிதாக வைத்துக்கொள்கிறேன்.

தோட்டத்து நிலம் கடல் மட்டத்திலிருந்து 12 அடி உயரம். பழைய கிணற்றின் ஆழம் 13 அடி. அப்படியானால் கிணற்றின் அடி, கடல் மட்டத்துக்கு ஓரடி கீழே. மாரி முடிந்த தையில் நீர்மட்டம் கடலுக்கு ஓரடி மேலே நிற்கிறது. கிணற்றில் இரண்டடி தண்ணீர். வில்லையின் அடி, அதாவது உப்பு தொடங்கும் இடம், கடல் மட்டத்துக்கு 40 அடி கீழே. கிணற்றின் அடிக்கும் உப்புக்கும் இடையில் 39 அடி நல்ல தண்ணீர் மெத்தை.

கோடை வருகிறது. பெரியப்பா இறைக்கிறார், பக்கத்துத் தோட்டக்காரர் இறைக்கிறார், அந்த வட்டாரமே இறைக்கிறது. நீர்மட்டம் அரையடி இறங்குகிறது. ஆறே அங்குலம். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் மேலே அரையடி குறைந்தால் கீழே அதைப் போல் 40 மடங்கு, 20 அடி குறையவேண்டும். உப்பின் எல்லை மெல்ல மெல்ல 20 அடிக்கு ஏறிவருகிறது. மெத்தையில் பாதி காணாமல் போனதை மேலேயிருந்து யாரும் பார்க்கமுடியாது.

மெசின் ஓடும்போது இன்னொன்றும் நடக்கும். கிணற்றுக்குள் நீர்மட்டம் சுற்றுப்புறத்தைவிடச் சட்டென்று இறங்கும். மேலே இருந்து அழுத்தும் எடை அந்த ஒரு புள்ளியில் குறைவதால், கீழே உள்ள உப்புநீர் சரியாக அந்தக் கிணற்றை நோக்கிக் கூம்பு வடிவில் எழும்பும். இதற்கு உப்புக் கூம்பு என்று பெயர் வைப்போம். மெசினை நிறுத்தினால் கூம்பு மெதுவாகத் தணியும். நிறுத்தாவிட்டால் வளரும்.

இப்போது அந்தக் கோடை நாளை நினைத்துப் பாருங்கள். பழைய கிணற்றில் தண்ணீர் இரண்டடிக்கும் குறைவு. கொஞ்ச நேரம் இறைத்ததும் மெசின் காற்றை உறிஞ்சி நின்றது. பெரியப்பா அதைக் கிணற்றின் குறையாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அது கிணறு தனக்குத்தானே போட்டு வைத்திருந்த பூட்டு. அதற்கு மேல் நீர்மட்டத்தை இறக்கவே முடியாதபடி கிணற்றின் ஆழம் தடுத்துக்கொண்டிருந்தது. ஆறடி வெட்டியபோது அந்தப் பூட்டை உடைத்தோம். கிணற்றின் அடி உப்புக்கு ஆறடி கிட்டப் போனது. அதைவிட மோசம், மெசின் மணிக்கணக்கில் ஓடவும் நீர்மட்டத்தைக் கடல் மட்டத்துக்கு இன்னும் கீழே இழுக்கவும் வழி திறந்துவிட்டது. கூம்புக்கு வேறென்ன அழைப்பு வேண்டும்?

கணக்கில் நான் உப்பின் எல்லையை ஒரு கோடு போலச் சொன்னேன். நிஜத்தில் அது கோடல்ல, நல்லதும் உப்பும் கலந்த ஒரு தடித்த பட்டை. கடல் ஏற்ற இறக்கம் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே கணக்குச் சொல்வதற்கு முன்பே கிணறு சவர்க்கும். ஏறிய உப்பு ஒரு மாரியோடு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வர ஒரு கோடை போதும், போகப் பல மாரிகள் வேண்டும்.

துலா களைக்கும், மெசின் களைக்காது

முன்பு தோட்டம் இறைத்தது துலாவால். நீண்ட துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஆள் வேண்டும். துலாக்கொடியைப் பிடித்துப் பனையோலைப் பட்டையில் மொண்டு வாய்க்காலில் ஊற்ற ஒருவர். பாத்தி பாத்தியாகத் தண்ணி மாற இன்னொருவர். விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏற ஓய்வார்கள். அந்த வேலையின் அழகைப் பாடுகிறவர்களுக்கு அதை மிதித்த கால்களைத் தெரியாது. நான் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று: ஆள் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. உப்புக் கூம்பு தணிய ஒவ்வொரு நாளும் நேரம் கிடைத்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் மெசின் வந்தபோது அந்த ஓய்வு போய்விட்டது.

கிணறு பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருப்பதும் வழக்கம். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை உண்டு. காணி உறுதியில் கிணற்றில் எத்தனை பங்கு, எந்த வழியால் நடப்பது, எந்த வாய்க்காலால் தண்ணீர் கொண்டுபோவது என்றெல்லாம் எழுதியிருக்கும். ஓர் அங்குலப் பாதைக்காகக் கோட்டுக்குப் போன சனம் நாங்கள். ஆனால் உறுதி எழுதிய நொத்தாரிசு பங்கு பிரித்தது கிணற்றைத்தான். கீழே உள்ள வில்லைக்கு வேலி இல்லை. என் மெசின் இழுப்பது உங்கள் மெத்தையையும்தான்.

ஒரு பரப்பின் வரவு செலவு

பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்புக் காணியின் மேல் ஆண்டுக்கு விழும் மழை ஏறக்குறைய மூன்று லட்சம் லீட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீட்டர் என்றால் ஆண்டுச் செலவு இரண்டே முக்கால் லட்சம் லீட்டர். அட, ஒரு பரப்பு மழை ஒரு குடும்பத்துக்குப் போதுமே என்று தோன்றும்.

ஆனால் விழுந்ததெல்லாம் ஊறாது. கொஞ்சம் வெள்ளமாக ஓடும், நிறைய ஆவியாகும், மரமும் பயிரும் குடிக்கும். மூன்றில் ஒன்று வில்லைக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தால் வரவு ஒரு லட்சம் லீட்டர். இனி அதே பரப்பில் வெங்காயம் நடுங்கள். ஒரு தடவை இறைக்க ஓர் அங்குல நீர் என்றால் 6,400 லீட்டர். ஒரு போகத்தில் 20 தடவை இறைத்தால் 1,28,000 லீட்டர். வருடம் முழுக்கச் சேர்ந்ததை ஒரே போகம் தாண்டிவிடுகிறது. இறைத்ததில் ஒரு பகுதி திரும்ப ஊறும் என்பது ஆறுதல். அது வெறுங்கையோடு ஊறுவதில்லை என்பது அடுத்த சிக்கல்.

மேலே இருந்து வருவது

வலிகாமத்துச் செம்மண் தங்கம் போன்றது. ஆனால் பல இடங்களில் அதன் தடிப்பு குறைவு, கீழே வெடித்த சுண்ணக்கல். வெங்காயம், மிளகாய், புகையிலைக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி, நைத்திரேற்று என்ற உப்பாக மாறி அடுத்த இறைப்பிலேயே வடிந்துவிடும். வீட்டு வளவுக்குள் கிணறும் மலகூடக் குழியும் கிட்டக் கிட்ட இருப்பதால் அங்கிருந்தும் அதே பொருள் வந்து சேரும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, உவர்ப்பைப் போல நாக்கு காட்டிக்கொடுக்கவும் மாட்டாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீட்டருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இதைத் தாண்டியதை 1980களிலிருந்து ஆய்வுகள் சொல்லிவருகின்றன. ஆபத்து அதிகம் பால்மாப் போத்தல் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு; இரத்தம் ஒட்சிசனை ஏந்தும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சிய நீரில் அது சற்றுக் கூடத்தான் செய்யும்.

சுன்னாகத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்குமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் சுண்ணக்கல்லுக்குள் போன எண்ணெயை எந்தத் தீர்ப்பும் வெளியே எடுக்காது.

ஆற்றைக் கொண்டுவருவதா, கடலைக் குடிப்பதா

"மழைத்தண்ணி கடலுக்கு வீணாப் போகுது" என்று கேட்டு வளர்ந்தோம். பாதி உண்மை. கீரிமலையில் கடலோரம் பொங்கும் நன்னீர் வில்லையிலிருந்து கசிவதுதான். அந்தக் கசிவு உப்பை வெளியே தள்ளி நிற்கிறது. முழுவதையும் அடைத்தெடுத்தால் உப்பு உள்ளே வரும். வீணாவது வேறு இடத்தில்: மூன்று மாத மழை நிலத்தில் ஊற நேரம் கிடைக்காமல் ஓடுவதில்.

அந்த நேரத்தைக் கொடுக்க நினைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் எளிமையானது. கனகராயன் ஆறு கொண்டுவரும் வன்னி வெள்ளத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியில் அணைகட்டி மறித்து நன்னீராக்குவது. அதை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக் கடல்நீரேரிக்கும் அனுப்புவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலை வெளியே நிறுத்துவது. உவர் கழுவப்படும், சுற்றியுள்ள வில்லைகள் தடிக்கும். தொண்டைமானாற்றுத் தடுப்பணை உட்படப் பகுதி பகுதியாக வேலைகள் நடந்தன. முழுதாக ஒருபோதும் நிறைவேறவில்லை.

பிறகு இரணைமடுக் குளத்து நீரைக் குழாயில் கொண்டுவர எண்ணினார்கள். கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள், மழை பொய்க்கும் ஆண்டில் தங்கள் வயலுக்கே போதாது என்று. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே கடலிடம் போனோம். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லீட்டர் கடல்நீரை நன்னீராக்கக்கூடிய நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குடிநீருக்கு, முக்கியமாகத் தீவுகளுக்கு, இப்படி ஒரு வழி வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் மின்சாரம் கொட்டிச் செய்த அந்த நீரில் யாரும் வெங்காயம் இறைக்கப் போவதில்லை. இன்னொரு கவலையும் உண்டு. குழாயில் வந்த தண்ணீர் குளித்துக் கழுவிய பின் எங்கே போகும்? கழிவுநீர்க் குழாய் இல்லாத வளவில் அதே குழிக்கு, அதே சுண்ணக்கல்லுக்கு. பைப் வந்துவிட்டது என்று கிணற்றை மறப்பவர்கள் அதைக் குப்பைத் தொட்டியாக்கவும் தயங்கமாட்டார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஆம்ஸ்டர்டாம் 1853 முதல் கடலோர மணல்மேட்டு வில்லையிலிருந்து குடித்தது. நூறு வருடத்தில் கீழிருந்து உப்பு ஏறியது. 1957இலிருந்து ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்து அதே மணலில் ஊறவிட்டு எடுக்கிறார்கள். நமக்கு ரைன் இல்லை. ஆனால் ஊறவிடும் இடங்களைத் தாத்தாமார் வெட்டி வைத்தார்கள். ஆரியகுளம், புல்லுக்குளம் என்று ஊரெங்கும் நூற்றுக்கணக்கில் குளங்களும் கேணிகளும் உண்டு. பல தூர்ந்துவிட்டன, சிலவற்றின் மேல் கட்டடம் நிற்கிறது. குளம் தூரெடுப்பது பெரிய திட்டங்களைப் போலப் படம் எடுக்க அழகாக இராது. செலவுக்குப் பலன் அதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பாவின் கிணற்றை நாங்கள் கல்லும் மணலும் போட்டுப் பழைய ஆழத்துக்கு உயர்த்தினோம். மெசினைப் பகலில் இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டோம். மூன்றாம் மாரிக்குப் பிறகு வெங்காயம் நடமுடிந்தது. முன்பு நட்டதில் பாதி நிலத்தில்.

உங்கள் வளவில் கிணறு இருந்தால் ஒரு கயிறு எடுங்கள். நுனியில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முடிச்சு என்று தையில் ஒரு தடவை, புரட்டாதியில் ஒரு தடவை அளந்து, திகதியோடு கலண்டரில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வருடம் எழுதினால் கிணற்றை வெட்டுவதா விடுவதா என்று வேறு யாரிடமும் கேட்கவேண்டி வராது.